தொட்டாலே அலறுகிறாரே!

கேள்வி: தனியார் மனநல மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து 4 மாதம் ஆகிறது. எங்கள் வார்டில் 35 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார். பகலில் சாதுவாக இருப்பார். ராத்திரி 11 மணிக்கு மாத்திரை கொடுக்கத் தோளைத் தொட்டு எழுப்பினால் அலறி அடிக்கிறார். போன வாரம் என் கையைக் கடித்துவிட்டார். "எல்லாம் நடிப்பு, கட்டிப்போடு" என்றார் சீனியர். கட்டினோம். மனசு கேட்கவில்லை. நான் செய்தது தப்பா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில், கடிபட்ட காயத்தை டாக்டரிடம் காட்டினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே காட்டுங்கள்.

நடிப்பதென்றால் பார்க்க ஆள் வேண்டும். அசந்து தூங்குகிறவர் யாருக்காக நடிப்பார்?

அவருக்கு முன்பு என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் பெரிய கொடுமையை அனுபவித்தவர்களுக்கு, இருட்டில் திடீரென மேலே விழுகிற கை நர்ஸின் கையாகத் தெரியாது. மூளையில் அமிக்டலா என்றொரு பகுதி ஆபத்து மணியை அடித்துவிடும். இது ஆஸ்பத்திரி, இவர் நர்ஸ் என்று புத்தி எட்டுவதற்குள் கை ஓங்கியாகிவிட்டது.

நான் வேலை பார்த்த வார்டில் நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் ஒருவர் இருந்தார். 2004 சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர். தரை கழுவ வாளித் தண்ணீரைச் சாய்த்தால் போதும், கட்டில்மேல் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம். காரணத்தைக் கண்டுபிடித்தது துப்புரவு செய்யும் அம்மாதான், நாங்கள் இல்லை. அப்புறம் தினமும், "அண்ணே, தண்ணி ஊத்தப் போறேன், வெளிய போய் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார். அவரும் எழுந்து போய்விடுவார்.

உங்கள் வார்டுக்கு வருவோம். 11 மணி மாத்திரையைத் தூங்கும் முன்பே தர முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எழுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் விளக்கைப் போட்டு, கால்மாட்டில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தொட வேண்டாம். பழைய கதையையும் கிளறாதீர்கள்; அது சைக்காலஜிஸ்ட் பார்த்துக்கொள்ள வேண்டியது, அதுவும் அந்தப் பெண் விரும்பும்போது.

சரி, கட்டியது? தப்புதான். யாரோ அமுக்கிப் பிடித்த நினைவில் அலறுகிறவர் என்றால், கட்டுவது அதையே மறுபடி செய்வதாகும். 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியை அறவே தடுக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் கட்டலாம். அதைக் குறிப்பிலும் எழுத வேண்டும். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறை என்றோ கட்டக் கூடாது. சீனியர் வாய்வார்த்தை இங்கே செல்லாது.

நாளைக்குப் பகலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்குக் கட்டினது தப்புக்கா. ராத்திரி எப்படி எழுப்பினா உங்களுக்குப் பயமா இருக்காது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அடுத்த ஷிப்டில் வருபவருக்கும் எழுதி வையுங்கள்.