என்னிடம் இருப்பது அசல் பாலேக் பெட்டிதானா (ரஷ்யாவின் பாலேக் ஊரில் படம் வரைந்து வார்னிஷ் பூசும் பெட்டி)? ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

முதலில் ஸ்பிரிட்டை எடுத்து உள்ளே வையுங்கள். வார்னிஷ் இளகினால் படமும் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் போதும், வெயில் படாமல் வையுங்கள்.

இனி அசலா என்ற கேள்வி. ரஷ்ய நாட்டுப்புறக் கதையில் வருவது போல ஓநாய் மேல் இவான் இளவரசனும் எலேனாவும் போகிற படம், உள்ளே சிவப்பு, ஓரத்தில் பாலேக் என்று ரஷ்ய எழுத்து என்கிறீர்கள். இதெல்லாம் போலியிலும் இருக்கும். எழுத்தை நம்பாதீர்கள், ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள்.

ஓநாயின் ரோமத்தைப் பாருங்கள். ஒரே அளவுப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சுப்படம். கையால் வரைந்ததென்றால் கோடு ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் மெலிந்து ஓடும். பாலேக்காரர்கள் முட்டை மஞ்சள்கருவில் குழைத்த வண்ணத்தில் வரைந்து, அதன் மேல் தங்கப்பொடியால் மயிரிழைக் கோடு இழுப்பார்கள். சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோடுகள் தனியாக மின்னும். 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு தேவாலயப் படங்களுக்கு வேலை இல்லாமல் போன ஓவியர்கள்தான் 1924இல் அங்கே கூடித் தொழிலை மாற்றினார்கள், அந்தக் கைப்பழக்கம் முகங்களில் இன்றும் தெரியும்.

படத்துக்கு அடியில் முத்துச்சிப்பி மினுக்கம் தெரிகிறதா? அப்படியென்றால் ஃபெதோஸ்கினோ என்ற இன்னொரு ரஷ்ய ஊரின் பாணியாக இருக்கலாம். அங்கே எண்ணெய் வண்ணம், அதுவும் நல்ல சரக்குதான்.

கையில் எடுத்தால் மரம் போலக் கனக்கிறதா? அசல் என்றால் அட்டையை அடுக்கி ஒட்டி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துச் சுட்டது, லேசாகத்தான் இருக்கும். மூடியின் உள்விளிம்பையும் எழுத்தையும் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.