யானை முதலா, கதை முதலா?

கேள்வி: பஸ்ஸில் மதுரைக்கு வரும்போது மேலூர் சாலையில் யானைமலையைப் பார்த்ததிலிருந்து என் மகன், "நிஜ யானையா கல்லாப் போச்சு?" என்று துளைக்கிறான். என்ன சொல்ல?
- வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் கதையை முழுசாகச் சொல்லிவிடுங்கள் அம்மா. திருவிளையாடற் புராணத்தின்படி, மதுரையை அழிக்கச் சோழன் தூண்டுதலால் சமணர்கள் வேள்வி வளர்த்து ஒரு யானையை அனுப்பினார்கள். சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணை தொடுத்தார். விழுந்த யானைதான் மலை. பிறகு வந்த பாம்பு, நாகமலை. அப்புறம் ஒரு பசு! பசுவை அம்பால் கொன்றால் பாவமாயிற்றே? நந்தியை அனுப்பினார். காளையின் அழகில் மயங்கியே பசு உயிரை விட்டு, பசுமலை ஆனது. சாமிக்கே சிக்கலில்லாத வழி சொல்லித் தருவதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டி.

சரி, இனி கல். பூமியின் ஆழத்தில் உருவான கெட்டிப் பாறை இது. மேலே மூடிக் கிடந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, பாரம் இறங்கிய பாறை விரிந்து, வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக உரிகிறது. மூலை முடுக்கெல்லாம் கழன்று, மழமழவென்று முதுகு மட்டும் மிஞ்சுகிறது. மழைநீர் வழிந்த தடங்களில் நுண்ணுயிர்கள் படிந்து கறுத்த கோடுகளையும் பையனுக்குக் காட்டுங்கள். ஒத்தக்கடைப் பக்கம் நின்றால் தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானை. சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனால் யானையைக் காணோம்!

இதில் எது முந்தி என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மலைக்குகையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய, சுமார் 2000 ஆண்டுப் பழமையான கல்வெட்டே இதை 'இவகுன்றம்' என்கிறது. இவம், இபம் என்றால் யானை. சம்பந்தர் தேவாரமும் 'ஆனைமாமலை'யைச் சமணர் இருப்பிடமாகச் சொல்கிறது. கி.பி. 770-ல் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி, மலையடியில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்த கோயில், எடுத்தார். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடல் பாடியது அதற்கெல்லாம் பல நூற்றாண்டு கழித்து. யானை, சமணர், நரசிங்கம் மூன்றும் அங்கேயே தயாராக இருந்தன. யாரோ ஒரு கெட்டிக்காரர் ஒரே கதையாகக் கோத்துவிட்டார் என்பது என் கணிப்பு. பாவம், தோற்றுப்போன சமணர்கள் வில்லன்களாகிவிட்டார்கள். அவர்களுடைய மகாவீரரோ இன்னமும் அதே பாறையில் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: இந்த மலையை உடைக்கப் போவதாக முன்பு பேச்சு வந்ததே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: 2010-ல் சிற்பநகரம் அமைக்கும் திட்டம் வந்தது. சுற்றுவட்டார ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள், கைவிடப்பட்டது. மலை முழுசாகத்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே லாடன் கோயில் என்று முருகன் குடைவரை ஒன்று இருக்கிறது.