பள்ளிகளில் நடத்தும் போதை விழிப்புணர்வு நிகழ்ச்சிகளால் உண்மையிலேயே பலன் உண்டா?

மண்டபம் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். உலகப் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று எடுக்கும் உறுதிமொழி, பேரணி, பதாகை, இவற்றை வைத்துக் கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்பேன். புற்றுநோய்ப் படம் காட்டிப் பயமுறுத்துவதும் அப்படித்தான். மணி அடித்ததும் மறந்துபோகும். அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பெடுத்தார்கள். பின்னால் ஆராய்ந்து பார்த்தால், அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

ஐ.நா.வும் உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட நெறிமுறைகள் வேறு வழி சொல்கின்றன: வாரம் ஒரு வகுப்பு, 10 முதல் 15 வாரம், பயிற்சி பெற்ற ஆசிரியர், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கொஞ்சம் நினைவூட்டல். முக்கியமாக, பிள்ளைகள் பேச வேண்டும், நடித்துப் பழக வேண்டும்.

நடிக்க வைத்தபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலத்தை யாராவது நீட்டினால் என்ன சொல்வாய் என்று எட்டாம் வகுப்புப் பையனிடம் கேட்டேன். "வேணாம்னு சொன்னா மறுநாள் வள்ளத்துல ஏத்த மாட்டாக சார்" என்றான். நீட்டுவது தெரியாத ஆளே இல்லை. லீவில் கூடவே கடலுக்குப் போகும் அண்ணன்தான். ராத்திரி வலை விரித்துவிட்டுக் காத்திருக்கும்போது தூக்கம் வராமலிருக்கக் கொடுப்பாராம். நம் பாடப்புத்தகம் சொல்லும் 'தீய நண்பன்' என்ற வார்த்தைக்குள் இவர் எப்படி அடங்குவார்?

சரி, அந்த அண்ணனாக இன்னொருவன் நடித்தான்.

"வாய்ப்புண்ணுண்ணே."

"இதப் போட்டா ஆறிரும்டா!"

வகுப்பே சிரித்தது. பையன் கொஞ்சம் திணறிவிட்டு, "எங்கம்மா வாய மோந்து பாக்கும்ணே" என்றான். அண்ணனுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. இப்படி ஒரு பதிலை நான் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இன்னொன்றும் செய்தோம். வகுப்பில் எத்தனை பேர் போடுவார்கள் என்று பெயரில்லாத சீட்டில் கேட்டேன். பாதிப் பேர் என்றே பலரும் எழுதினார்கள். 'நீ போடுவாயா' என்ற சீட்டில் ஆமாம் என்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். எல்லாரும் செய்கிறார்கள் என்ற நினைப்பு அங்கேயே உடைந்தது.

பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டமே இருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் போய்ச் சொல்வது பெற்றோரும் தலைமை ஆசிரியரும் செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. நான் யாரை நினைத்து இத்தனையும் தொடங்கினேனோ, அந்தப் பையன் பாதி வகுப்புகளுக்கு வரவே இல்லை. கடலுக்குப் போயிருந்தான். இப்போது சாயங்காலம் வள்ளம் கரையேறும் நேரத்தில் நானே அங்கே போய் நிற்கிறேன்.