'ட்ரூ கிரிட்': பழசா, புதுசா?

கௌபாய் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். 2010-ல் கோயன் சகோதரர்கள் எடுத்த 'ட்ரூ கிரிட்' பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். விமர்சகனாக இல்லாமல், படம் பார்க்கிற ஆளாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, கௌபாய் படமே பார்த்ததில்லை. கதை புரியுமா?

நன்றாகவே புரியும். 14 வயது மேட்டி ராஸின் அப்பாவை டாம் சேனி என்பவன் சுட்டுக் கொன்றுவிட்டு ஓடிவிடுகிறான். அவனைப் பிடிக்க அவள் அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் ஸ்மித்துக்கு வருகிறாள். ரூஸ்டர் காக்பர்ன் என்ற ஒற்றைக்கண் குடிகார மார்ஷலிடம் (குற்றவாளிகளைப் பிடிக்கும் அரசு அதிகாரி) கூலி பேசுகிறாள். அவர் இவளை விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து போய்விட, குதிரையோடு தண்ணீரில் இறங்கிப் பின்னாலேயே வந்துவிடுகிறாள்.

பழைய 'ட்ரூ கிரிட்', ரூஸ்டராக நடித்த ஜான் வெய்னுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். அதை எதற்கு ரீமேக் செய்ய வேண்டும்?

இந்தக் கோபம் எனக்கும் இருந்தது. 1969 படம் அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர், அதைத் தொடலாமா என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு படத்துக்கும் மூலம் சார்லஸ் போர்ட்டிஸ் 1968-ல் எழுதிய நாவல், அதில் கதையைச் சொல்வதே மேட்டிதான், வயதான பிறகு, சின்ன வயதில் நடந்ததை நினைத்துச் சொல்கிறாள். பழைய படம் வெய்னைச் சுற்றியே ஓடியது. புதியது கதையை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதனால் இது எனக்கு ரீமேக்காகவே தோன்றவில்லை. பழைய படத்தில் மேட்டியாக நடித்த கிம் டார்பி இருபதைத் தாண்டியவர். புதியதில் மேட்டியாக வரும் ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டுக்குப் படப்பிடிப்பின்போது 13 வயதுதான்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த காட்சி?

துப்பாக்கிச் சண்டை எதுவும் அல்ல. குதிரை வியாபாரியிடம் மேட்டி பேரம் பேசுவதுதான். அப்பா வாங்கிய குதிரைகளை அவர் தலையிலேயே திருப்பிக் கட்டி, அவர் லாயத்தில் திருட்டுப்போன குதிரைக்கும் பணம் கேட்கிறாள். குரல் உயரவே இல்லை, வக்கீல் பெயரை மட்டும் நடுநடுவே இழுக்கிறாள். அந்த ஆள் முதலில் அலட்சியமாகப் பேசி, அப்புறம் எரிச்சலாகி, கடைசியில் சோர்ந்துபோகிறார். இவள் யாரைத் துரத்திப் போனாலும் பிடித்துவிடுவாள் என்று அங்கேயே நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது.

புதிய படத்தில் ரூஸ்டராக வரும் ஜெஃப் பிரிட்ஜஸ் பேசுவது ஒன்றுமே விளங்கவில்லையே?

சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வாய்க்குள்ளேயே முனகுகிறார், கூடவே சேனியைத் தேடி வரும் டெக்சாஸ் காவல்காரராக நடித்த மாட் டேமன் வேறு நாக்கைக் கடித்துக்கொண்டு பாதிப் படம் குழறுகிறார். மற்றபடி வசனம் அழகு. சொற்களைச் சுருக்காமல் முழுசாக, பழைய கடிதம் படிப்பதுபோல் பேசுகிறார்கள்.

சார், வெய்னா பிரிட்ஜஸா?

வெய்னைப் பார்த்தால் வெய்ன்தான் தெரிகிறார். பிரிட்ஜஸிடம் எனக்கு ரூஸ்டர் தெரிந்தார்.

முடிவை மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே? (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்)

மாற்றியது 1969 படம்தான். அதில் பாம்பு கடித்த மேட்டியின் கை பிழைத்துவிடும், ரூஸ்டர் வேலியைத் தாண்டிக் குதிரையில் உற்சாகமாகப் போவார். புதிய படம் நாவலில் இருந்ததை அப்படியே வைத்திருக்கிறது. பாம்பு கடித்தவளைத் தூக்கிக்கொண்டு ரூஸ்டர் இரவு முழுக்கக் குதிரையில் ஓடுகிறார், அவள் ஆசையாக வாங்கிய குதிரை நுரை தள்ளி விழுந்த பிறகும் நிற்கவில்லை, கையில் ஏந்திக்கொண்டு மூச்சு வாங்க ஓடுகிறார். உயிர் பிழைக்கிறது, கை போய்விடுகிறது. 25 வருடம் கழித்து அவரைப் பார்க்க வந்தால், மூன்று நாள் முன்னால்தான் இறந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆஸ்கர்?

10 பரிந்துரைகள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கார்ட்டர் பர்வெல்லின் இசை பழைய தேவாலயப் பாடல்களிலிருந்து எடுத்தது என்பதால் பரிந்துரைக்கே தகுதி இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். படம் முழுக்க வரும் ஹெய்லியையும் துணை நடிகை பிரிவில்தான் பரிந்துரைத்தார்கள், அதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

எதை முதலில் பார்க்கலாம்?

புதியதை. ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.