மூன்று ரீகால் வந்த பழைய எஸ்யூவியை வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் ஆறு பேர். நாங்கள் இருவர், மூன்று குழந்தைகள், மாமியார். ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். எட்டு வருடப் பழையது, பெட்ரோல், சிவிடி எனும் பெல்ட் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எங்கள் சேமிப்பு 100 என்றால் வண்டியின் விலை 90. தேடிப் பார்த்தபோது இந்த மாடலுக்கு மூன்று ரீகால் வந்திருப்பது தெரிந்தது. கியர்பாக்ஸ் பற்றியும் நிறையப் பேர் புலம்பியிருக்கிறார்கள். "எல்லாம் சரி பண்ணியாச்சு" என்கிறார் விற்பவர். "ரீகால் ஆன வண்டியே வேண்டாம், கடன் வாங்கியாவது புதுசு வாங்கலாம்" என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: 90 கொடுத்து இதை வாங்காதீர்கள். என்னைத் தயங்க வைப்பது கியர்பாக்ஸ். ரீகால்களைப் பற்றிய பயத்தைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம்.

ரீகால் என்றால் பாதுகாப்பில் குறை இருக்கிறது என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டு, அல்லது அரசு ஒப்புக்கொள்ள வைத்து, தன் செலவில் சரிசெய்து தருவது. புகார் என்பது வண்டி வைத்திருப்பவர் படும் பாடு. அதைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். உங்கள் கணவர் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார். பணக் கணக்கில் இவை வேறு வேறு. ரீகால் வேலை முடிந்த வண்டியில் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்திருக்கும், உங்களுக்குச் செலவும் இல்லை. ரீகாலே வராத, ஆனால் ஆயிரம் பேர் ஒரே குறையைச் சொல்லும் வண்டிதான் சேமிப்பைத் தின்னும். புது வண்டிக்கும் ரீகால் வரும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் வேலை முடிந்ததா என்பதை விற்பவரின் வாய் வார்த்தையில் விடக் கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் உண்டு. விண் (VIN) நம்பர் என்பார்கள். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்திலும் பெரும்பாலும் இருக்கும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அதைப் போட்டால், அல்லது அவர்களின் சர்வீஸ் மையத்தில் கொடுத்தால், அந்த வண்டிக்கு எந்த ரீகால் பாக்கி என்று தெரிந்துவிடும். மாடல் பெயரை வைத்துத் தேடுவது போதாது. ஒரே மாடலில் சில மாதங்களில் தயாரானவற்றுக்கு மட்டும் ரீகால் இருக்கும். நீங்கள் கண்ட மூன்றில் ஒன்றுகூட உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

வண்டி கைமாறும்போது ரீகால் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போய்விடும். அதனால்தான் பழைய வண்டிகளில் இந்த வேலை அடிக்கடி விட்டுப்போகிறது. அமெரிக்காவில்கூட ரீகால் பாக்கியுள்ள புது வண்டியை டீலர் ஒப்படைக்கக் கூடாது. பழைய வண்டிக்கு அப்படி ஒரு நாடு தழுவிய தடை இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

எந்த ரீகால் என்பதும் முக்கியம். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் 2008-ல் சிறிய அளவில் தொடங்கி, உலகம் முழுக்க ஏர்பேக்கை ஊதி விரிக்கும் இன்ஃப்ளேட்டர் என்ற பாகம் 10 கோடிக்கு மேல் திரும்பப் பெறும் அளவுக்கு வளர்ந்தது. உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறியது. ஆரம்பத்தில் மாற்றிய சில வண்டிகளுக்கு அதே வகை இன்ஃப்ளேட்டரையே போட்டார்கள். அவற்றைப் பிறகு மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. எனவே "மாத்தியாச்சு" என்றால் எந்தத் தேதியில் என்று கேளுங்கள். விபத்தில் சிக்கிய வண்டிக்கு, உடைத்துப் போட்ட வேறு வண்டியின் பழைய ஏர்பேக்கை மாட்டியிருந்தால் விண் நம்பர் அதைக் காட்டாது. இதற்காகவே விபத்து வரலாற்றைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு வகை, நின்றுகொண்டிருக்கும்போதே தீப்பிடிக்கும் குறை. 2023 செப்டம்பரில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் மட்டும் சுமார் 34 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. பிரேக் ஆயில் உள்ளே கசிந்து மின்கசிவு ஏற்படலாம், சரிசெய்யும்வரை வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துங்கள் என்றன. பட்டியலில் குடும்ப எஸ்யூவிகள் பல இருந்தன. இப்படிப்பட்ட ரீகால் பாக்கி இருந்தால், வேலையை முடித்து ரசீது தரும்வரை விற்பவருக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். மாமியாரும் குழந்தைகளும் ஏறப்போகும் வண்டி இது. இதில் பேரம் கிடையாது.

சரி, புகார்களுக்கு வருவோம். உங்கள் பணம் போகும் இடம் அதுதான்.

புகார்களின் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். சந்தோஷமாக ஓட்டுபவர் உட்கார்ந்து எழுத மாட்டார். அதிகம் விற்ற மாடலுக்குப் புகாரும் அதிகம் இருக்கும். ஒரே பாகம், ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர், ஒரே தயாரிப்பு ஆண்டு என்று புகார்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். திரை உறைகிறது, புளூடூத் அறுந்துபோகிறது என்பதெல்லாம் எரிச்சல்தான், வீட்டு வரவுசெலவைக் கவிழ்க்காது. எஞ்சின் ஆயில் குறைகிறது, கியர்பாக்ஸ் நடுங்குகிறது என்று வந்தால் நின்று யோசிக்க வேண்டும்.

சிவிடியில் வழக்கமான பல்சக்கரக் கியர்கள் இருக்காது. ஒரு எஃகு பெல்ட்டோ செயினோ இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு இடையே ஓடும். அதன் ஆயில் பழசாகி, பெல்ட் வழுக்கத் தொடங்கினால் மெதுவாக நகரும்போது வண்டி உதறும், மேட்டில் ஏற முனகும். பெரும்பாலும் ஒரு பாகத்தை மட்டும் மாற்றித் தர மாட்டார்கள். கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள். எட்டு வருட வண்டியின் விலையில் கால் பங்கை அது எளிதாகத் தாண்டும். நிசான் ரோக் 2014 முதல் 2018 வரையிலான மாடல்களுக்கு சிவிடி வாரன்டி அமெரிக்காவில் 60 மாதத்திலிருந்து 84 மாதமாக நீட்டப்பட்டது. ஹோண்டா சிஆர்-வி 2017, 2018 மாடல்களில் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது என்ற புகாருக்கும் வாரன்டி நீட்டிப்புதான் அங்கே கிடைத்தது. பாதுகாப்புக் குறை என்று வகைப்படாவிட்டால் ரீகால் வராது. இப்படி ஒரு சலுகை வரும், அதற்கும் கெடு உண்டு. கெடு முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. எட்டு வருட வண்டிக்கு 84 மாத வாரன்டி முடிந்த கதை.

நான் இதை அனுபவத்தில் கற்றேன். முதல் முறை பழைய எஸ்யூவி வாங்கியபோது கையிலிருந்த சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டேன். நாலாவது மாதம் பெருமழை. மேல்கூரைக் கண்ணாடியின் வடிகுழாய் அடைத்திருந்ததால் தண்ணீர் தரைவிரிப்புக்குக் கீழே இறங்கி, இருக்கைக்கு அடியில் இருந்த மின்னணுப் பெட்டியைக் கெடுத்துவிட்டது. குழாய் அடைப்பு அந்த மாடலில் எல்லாருக்கும் தெரிந்த புகார். பழுதுச் செலவை கிரெடிட் கார்டில் போட்டு, அடைக்க ஒன்றரை வருடம் ஆனது. பழுதைவிட வட்டிதான் வலித்தது.

உங்கள் 100-க்கு வருவோம். குடும்பத்தின் அவசரத் தேவைக்கான பணமும் அதற்குள்தான் இருக்கிறது என்றால், முதலில் ஆறு மாதச் செலவை எடுத்து ஒதுக்குங்கள்; மீதிதான் உண்மையான 100. அதில் வண்டிக்கு 70-க்கு மேல் போகாதீர்கள். 10 பெயர் மாற்றம், காப்பீடு, முதல் சர்வீஸ், தேவைப்பட்டால் டயருக்கு. மிச்சம் 20 கியர்பாக்ஸுக்கான தனி நிதி, இரண்டு வருடம் யாரும் தொடக் கூடாது. டயரைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 2000-ல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகளில் ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்தோல் பிரிந்து வண்டிகள் உருண்டதில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. உயரமான வண்டிக்கு டயர் உயிர்நாடி. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். கோடு நன்றாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை நான் நம்ப மாட்டேன். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

விலை பேசுமுன், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். அரை மணி நேரம் ஓட்டி, பிறகு நெரிசலில் ஊர்ந்து, ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். மூன்றாம் வரிசை பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டிப் பாருங்கள். அங்கேதான் உங்கள் பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள்.

கடன் வாங்கிப் புது வண்டி என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. முதல் சில வருடங்களில்தான் வண்டியின் மதிப்பு வேகமாக விழும், அந்த வருடங்களில்தான் வட்டியும் அதிகம் கட்டுவீர்கள். கணவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது: இதே வயதில், வழக்கமான பல்சக்கரக் கியர்கள் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கோ மேனுவல் கியரோ உள்ள ஏழு இருக்கை வண்டி. பளபளப்பு கொஞ்சம் குறையலாம்.

இந்த வண்டியே வேண்டும் என்றால் விற்பவரிடம் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். சிவிடி ஆயில் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்ற வரியைத் தேடுங்கள். 1,10,000 கிலோமீட்டரில் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால் 70-க்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.