அடிபட்ட முயலை அப்படியே விட்டுவிட்டு வரலாமா?

வளர்ப்பு முயலுக்குக் கூண்டு அமைப்பது பற்றிப் போன மாதம் இந்தப் பகுதியில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி வேட்டையைப் பற்றித்தான் கேட்கின்றன. முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

*கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்பவர்களோடு சனிக்கிழமை சாயங்காலம் ஏர் ரைஃபிள் எடுத்துக்கொண்டு முயல் சுடப் போகிறானாம். "துடிக்காம ஒரே நொடியில போயிடும்மா, இங்க இது தப்பில்ல" என்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் சொல்வது நிஜமா டாக்டர்?* – வாசகி, கும்பகோணம்

அம்மா, தப்பில்லை என்பது அந்த ஊர்ச் சட்டப்படி சரிதான். அங்கே அவன் சுடுவது நம் காட்டு முயல் கிடையாது. நாம் இரண்டையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். அது குழிமுயல், தரைக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது, நம் வீடுகளில் வளர்க்கும் வெள்ளை முயலுக்கும் அதுதான் மூதாதை. கோதுமைப் பயிரையும் முட்டைகோஸையும் மொட்டையாக மேய்ந்துவிடும் என்பதால், நிலக்காரர் அனுமதி கொடுத்தால் ஆண்டு முழுவதும் சுடலாம்.

ஆனால் அந்த "ஒரே நொடி" தானாக வருவதில்லை. ஏர் ரைஃபிளின் குண்டு சின்னது, வேகமும் குறைவு. அது தலையில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, ஐந்து ரூபாய்க் காசு அகலமுள்ள இடத்தில் பட்டால்தான் முயல் அங்கேயே விழும். வயிற்றிலோ இடுப்பிலோ பட்டால் இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் புகுந்துவிடும், அப்புறம் அது சாக எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை நாள் ஆனது என்று யாருக்கும் தெரியாது. சுட்டவன் "தப்பிச்சிடுச்சு" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். எனக்கு வேட்டையில் மிகவும் கொடுமையாகப் படுவது இந்த இடம்தான்.

அதனால் உங்கள் பிள்ளையிடம் இதையெல்லாம் கேளுங்கள். முதலில் காகிதத்தில் சுட்டுப் பழகினானா? எவ்வளவு தூரத்தில் நின்று சுட்டால் அத்தனை குண்டும் அந்தக் காசு அளவுக்குள் விழுகிறதோ, அதுதான் அவனுடைய தூரம். பெரும்பாலானவர்களுக்கு அது 25, 30 மீட்டருக்கு மேல் போகாது, காற்று அடித்தால் இன்னும் குறையும். ஓடுகிற முயலை ஏர் ரைஃபிளால் சுடவே கூடாது. வளை வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைச் சுடுவதும் வேண்டாம், சாகிற உதறலிலேயே உள்ளே விழுந்துவிடும். சுட்டதும் அடுத்த முயலைத் தேடாமல் விழுந்ததிடம் நேராகப் போக வேண்டும். கண்விழியை மெதுவாகத் தொட்டால் இமை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் உயிர் இருக்கிறது. அந்த இடத்திலேயே கழுத்தை முறித்து முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதைத் துப்பாக்கி தூக்குவதற்கு முன்பே அனுபவசாலி ஒருவரிடம் கற்றிருக்க வேண்டும். தெரியாத கை தடுமாறும், ஒவ்வொரு தடுமாற்றமும் அதற்கு வேதனை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். குழிமுயல் குட்டிகள் கண் திறக்காமல், உடம்பில் முடியில்லாமல் பிறக்கும். தாய் ஒரு நாளில் ஒரு முறை, அதுவும் சில நிமிடம்தான் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரும். அந்தத் தாயைச் சுட்டால் குட்டிகள் மண்ணுக்குள் இருட்டில் பசித்தே சாகும். ஃபெரட் என்ற கீரிமாதிரிப் பிராணியை வளைக்குள் விட்டு, வளையின் வாயில் வலை கட்டி முயல் பிடிக்கிற பழைய ஆட்கள் அந்த நாட்டில் உண்டு. வசந்தம் தொடங்கினால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, இலையுதிர்ந்த பிறகுதான் திரும்ப எடுப்பார்கள். சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் அதுதான் அவர்கள் முறை. உங்கள் மகனும் குட்டி போடும் மாதங்களில் விளையாட்டுக்காகப் போவதை விட்டுவிடட்டும்.

பாவமா என்று நேராகக் கேட்டால், நான் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவன், எனவே கொன்று தின்பதே பாவம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மேலே சொன்னதில் ஏதாவது ஒன்றை அவனால் செய்ய முடியாது என்றாலும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

*கேள்வி: ஆஸ்திரேலியாவில் முயல்களுக்கு நோயைப் பரப்பிக் கொன்றார்களாமே, உண்மையா?* – வாசகர், சேலம்

உண்மை. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்காரர் விக்டோரியா மாநிலத்தில் தன் பண்ணையில் சுட்டு விளையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்தார். அவை பெருகிக் கண்டத்தையே மேய்ந்துவிட்டன. 1950-இல் மிக்ஸோமா வைரஸை அரசே பரப்பிவிட்டது. அந்த நோய் கண்ட முயலை நீங்கள் பார்க்க வேண்டாம். கண்ணும் முகமும் வீங்கி, குருடாகி, சீழ் வடிந்து, பத்துப் பன்னிரண்டு நாள் அவதிப்பட்டுச் சாகும்.

1953-இல் அது பிரிட்டனுக்கும் வந்தது, அந்த நாட்டு முயல்களில் பெரும்பகுதி சில வருடங்களில் செத்துப்போயின. நோய் வந்த முயலைத் தன் நிலத்தில் கொண்டுபோய் விட்டால் பயிர் பிழைக்கும் என்று விவசாயிகள் அப்படியே செய்தார்கள். 1954-இல் கொண்டுவந்த சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆஸ்திரேலியாவில் அந்த முயல்களால் அழிந்த செடிகொடிகளையும் மண்ணையும் நினைத்துப் பார்த்தால் அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரியத்தான் செய்கிறது, ஆனாலும் பத்து நாள் மரணத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கும் பிரிட்டனில் வேட்டைக்குப் போகிறவர்கள், வழியில் கண் வீங்கிக் குருடாகி நிற்கும் முயலைப் பார்த்தால், கறிக்கு ஆகாது என்று தெரிந்தும் நின்று அதன் வேதனையை முடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

*கேள்வி: முயல் சத்தமே போடாதே, அதற்கு வலி தெரியுமா?* – மாணவி, விழுப்புரம்

தெரியும் பாப்பா, நமக்குத் தெரிவது போலவே. பிற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி வலியைக் காட்டினால் அதைத்தான் நரி முதலில் குறிவைக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டு தாங்கும். பிடித்ததும் ஆடாமல் அசையாமல் கிடந்தால் "பழகிடுச்சு" என்பார்கள். பயத்தில் உறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். உயிர் போகிற பயம் வந்தால் கத்தும். சின்ன வயதில் பெரியப்பாவோடு வலை வேட்டை பார்க்கப் போனபோது ஒரு முறை கேட்டேன், கைக்குழந்தை வீறிடுவது மாதிரியே இருந்தது. அதற்கப்புறம் நான் அவரோடு போகவில்லை.

*கேள்வி: கன்னி நாய் ஒன்று வளர்க்கிறேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்த நாய்கள் முயல் பிடித்தவை. இப்போது பிடிக்க விடாதே என்கிறார்கள். நாங்கள் கொல்வதுகூட இல்லை, விரட்டிப் பார்ப்போம், அவ்வளவுதான். இதில் என்ன தவறு?* – வாசகர், சாத்தூர்

தம்பி, கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட வேட்டைதான். 2022-இல் திருத்திய பிறகு நம் காட்டு முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, இல்லையென்றால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். திருவிழா, பாரிவேட்டை என்று சொன்னாலும் வனத்துறை விடாது.

சட்டம் கிடக்கட்டும். "கொல்லவில்லை, விரட்டினோம்" என்கிறீர்களே, நாய் வாயில் சிக்காமல் தப்பித்த முயல் பிழைத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? உயிர்பயத்தில் தலைதெறிக்க ஓடிய பிராணிக்குத் தசை சிதைந்து, இதயமும் சிறுநீரகமும் கெட்டு, பிறகு எங்கேயாவது புதருக்குள் செத்துக் கிடப்பது உண்டு. மருத்துவத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது, காட்டு முயல்களுக்கு அது எளிதில் வரும். இங்கிலாந்தில்கூட, குழிமுயலை நாய் வைத்துப் பிடிக்க அனுமதித்த அதே 2004-ஆம் வருடச் சட்டம், காட்டு முயலை நாய் விட்டுத் துரத்தும் பந்தயத்தைத் தடை செய்துவிட்டது.

உங்கள் நாய்க்கு வேண்டியது ஓட்டம். அறுவடை முடிந்த காட்டில் விடியற்காலையில் சைக்கிளிலோ வண்டியிலோ நீளக் கயிறு கட்டி, நுனியில் ஒரு துணி மூட்டையைக் கட்டி இழுத்துப் பாருங்கள். உயிரைக் கொடுத்துத் துரத்தும்.

*கேள்வி: நிலக்கடலையும் தட்டப்பயறும் போட்டிருக்கிறேன். முளை விட்டதும் முயல் தின்றுவிடுகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் சுருக்குக் கம்பி வைக்கச் சொல்கிறார். கழுத்தில் இறுகியதும் உடனே செத்துவிடும், வலிக்காது என்கிறார். வைக்கலாமா?* – விவசாயி, தர்மபுரி மாவட்டம்

வைக்காதீங்க ஐயா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உடனே சாகும் என்பது பொய். கழுத்தில் மாட்டினால் திமிறத் திமிற இறுகி, மூச்சு முட்டி மெல்லச் சாகும். இடுப்பில் மாட்டினால் கம்பி தோலை அறுத்து உள்ளே போகும். காலில் மாட்டினால் காலைக் கடித்துக்கொண்டு விடியும்வரை கிடக்கும். நீங்கள் அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். துப்பாக்கிக்காரனாவது தான் செய்வதைக் கண்ணால் பார்க்கிறான்.

கம்பிக்கு முயல் எது, மயில் எது என்று தெரியாது. பைக் கிளட்ச் வயரில் செய்த சுருக்கு வயிற்றில் மாட்டி, அறுத்துக்கொண்டு ஓடிவந்த ஒரு காவல் நாயை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் ஆகியிருந்தது. கம்பி கண்ணுக்கே தெரியவில்லை, சதை அதன் மேல் மூடியிருந்தது, புழு வைத்திருந்தது. அதைத் தூக்கி வந்தவரே ஊர் ஓரத்தில் கம்பி வைத்தவர். மேசைக்குப் பக்கத்தில் நின்று அழுதார். நாயைக் காப்பாற்ற முடியவில்லை. நீலகிரிப் பக்கம் இதே மாதிரிக் கம்பிகளில் சிறுத்தைகள் சிக்கிச் செத்திருக்கின்றன.

வேட்டையை அனுமதிக்கிற நாட்டிலேயே கம்பிக்கு என்ன கதி பாருங்கள். கால் எலும்பை நொறுக்கும் பல் வைத்த இரும்புப் பொறியை இங்கிலாந்து 1958-இல் தடை செய்தது. சுருக்கு வைத்தால் தினம் ஒரு முறையாவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று 1981-இல் சட்டம் போட்டார்கள். அதுவும் போதவில்லை என்று வேல்ஸ் 2023-இல் சுருக்கையே தடை செய்தது, ஸ்காட்லாந்து 2024-இல் தடை செய்தது.

சரி, பயிரை எப்படிக் காப்பது? காட்டு முயல் வளை தோண்டாது, அதனால் வேலிக்கு அடியில் பள்ளம் பறித்து வருமோ என்று கவலை வேண்டாம். மூன்றடி உயர நைலான் வலையைக் கீழே இடைவெளி இல்லாமல் இறுக்கமாகக் கட்டுங்கள். வலை தொளதொளவென்று இருந்தால் முயலோ பாம்போ சிக்கிக்கொள்ளும், தினமும் காலையில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். செலவு அதிகம் என்றால் பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டலாம், உங்கள் பக்கம் பன்றிக்குக் கட்டுவார்களே, அதேதான். முளை விட்டு இலை முற்றும்வரை சில வாரம்தான் கூடுதல் காவல் தேவை. வரப்போரப் புதரை வெட்டி ஒதுங்க இடமில்லாமல் செய்தால் பகலில் பக்கத்தில் படுக்காது. வெட்டுவதற்கு முன் குட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: கரும்புக் காட்டில் இரண்டு முயல் குட்டிகள் தனியாகக் கிடந்தன. தாயைக் காணோம். பாவமென்று எடுத்து வந்து பசும்பால் கொடுத்து வளர்க்கிறோம். சரிதானே?* – வாசகி, ஈரோடு மாவட்டம்

பசும்பாலை உடனே நிறுத்துங்கள் அம்மா, வயிற்றுப்போக்கிலேயே போய்விடும். காட்டு முயல் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் பகல் முழுக்க வேண்டுமென்றே தள்ளி இருந்துவிட்டு, இருட்டியதும் ஒரு முறை வந்து பால் கொடுக்கும். கூடவே இருந்தால் அதன் வாசனையை வைத்து நரியும் கீரிப்பிள்ளையும் வந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. நீங்கள் பார்த்தபோது அவை அநாதையாக இருக்கவில்லை.

நேற்றோ இன்றோ எடுத்து வந்தது என்றால், பொழுது சாய்வதற்குள் எடுத்த அதே இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். நாய் வராமல் தூரத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். காயம் இருந்தாலோ, எடுத்துப் பல நாள் ஆகியிருந்தாலோ பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கரும்பு வெட்டு தொடங்கப் போகிறது என்றால் வெட்டுகிற ஆட்களிடமும் அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள்.