2,200 கிலோ வண்டிக்கு 9,500 பவுண்டு வின்ச் போதுமா?

சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச்சுக்கு 9,500 பவுண்டு இழுதிறனே போதும். சாமான்களோடு 2,200 கிலோ என்கிறீர்கள். வின்ச்சின் திறன் வண்டி எடையைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு; அப்படியென்றால் 3,300 கிலோ. 9,500 பவுண்டு சுமார் 4,300 கிலோ வரும். 13,000 பவுண்டு வாங்கினால் வண்டியின் மூக்கில் எடைதான் ஏறும். அந்தப் பணத்தில் ஒரு ஸ்னாட்ச் பிளாக்கும் (கயிற்றைத் திருப்பிவிடும் கப்பி), மரத்தில் கட்ட அகலமான பட்டையும் வாங்குங்கள்.

நண்பரின் வின்ச் சேற்றில் திணறி நின்றது என்றீர்களே, பெரும்பாலும் பக்கத்து மரத்தில் கட்டியிருப்பார். பெட்டியில் போட்டிருக்கும் திறன், கயிறு சுற்றியிருக்கும் உருளையான டிரம்மின் முதல் அடுக்குக்கு மட்டும்தான். மேலே கயிறு சுற்றச் சுற்ற, ஒவ்வொரு அடுக்குக்கும் இழுவை பத்து சதவீதத்துக்குக் குறையாமல் இறங்கும். தூரத்து மரத்தில் கட்டச் சொல்லுங்கள்; அப்போது டிரம்மில் கயிறு குறைவாகத்தான் மிஞ்சும். பிளாக் வழியாகக் கயிற்றை வண்டிக்கே திருப்பினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

அப்புறம் ஒரு சோதனை. இழுத்து முடித்து, கயிறு தளர்ந்ததும் வின்ச்சின் எர்த் கேபிள் முனையில் இருக்கும் உலோக இணைப்பான லக்கைப் பதமாகத் தொட்டுப் பாருங்கள். மற்ற இணைப்புகளைவிட அது சுட்டால் லூஸ் அல்லது துரு. மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்ட் அங்கேயே வீணாகிறது. சுத்தம் செய்து இறுக்கினால் சரி.

ஒன்று மட்டும்: ஒன்றரை மடங்கு கணக்கு, சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) சேற்றில் உட்கார்ந்துவிட்ட வண்டிக்குப் பொருந்தாது. முதலில் மண்வெட்டியால் அடியைத் தோண்டி விடுங்கள். இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள், தயவுசெய்து.